ஏழு தலைமுறையும் ஒரு மருமகளும்

எங்கள் வீட்டுப் பெரியவர்களின் பெயர்களை நான் சொல்ல மாட்டேன். மரியாதை என்று வெளியில் சொல்லிக்கொள்வோம். உண்மையில் இத்தனை வருடம் சொல்லாமலே இருந்து எனக்குப் பாதிப் பெயர் மறந்துவிட்டது. கணவன் வீட்டு மூத்தவர்களின் பெயர் மருமகள் வாயில் வரக்கூடாது என்பது எங்கள் மலையூர் கொச்கோரில் பால்குடிக்கும் குழந்தைக்கும் தெரியும். அதனால் மாமனார் வெறும் மாமனார்தான். மற்றவர்களைத் தாடி, குதிரை, ஊர் என்று ஏதாவது அடையாளம் வைத்துச் சொல்கிறேன். பூருலின் பெயரைத் தாராளமாகச் சொல்லலாம். அவள் என் ஓரகத்தி, எனக்கு இளையவள். மருமகள் பெயரை யாரும் சொல்லலாம், நாலு வீடு கேட்கக் கத்தியும் கூப்பிடலாம்.

பூருல் கடைசி மகனைக் கட்டியவள். கடைசி மகன்தான் பெற்றோர் வீட்டில் இருப்பான், ஆகையால் மாமியார் போன பிறகு மாமனார் அவள் பங்குக்கு வந்தார். என் வீடு வேலிக்கு அந்தப் பக்கம். அவள் புருஷன் மக்சாத் காரா-கெச்சே சுரங்கத்திலிருந்து நிலக்கரி லாரி ஓட்டுகிறான். வீட்டுக்கு வந்தால் குளிப்பான், தூங்குவான், மறுபடி கறுப்பாவதற்குக் கிளம்புவான். நல்ல பையன், ஆனால் அப்பா முன்னால் வாயைத் திறக்க மாட்டான்.

பூருல் ஆள் குள்ளம். வாசலில் நிற்கும்போது அவள் தலைக்கும் மேல்சட்டத்துக்கும் நடுவே தேநீர் கொதிக்கவைக்கிற ஒரு சமோவாரை வைக்கலாம். அவளுடைய வேலையை நான் முதலில் பார்த்தபோது பொம்மை விளையாட்டு என்றுதான் நினைத்தேன். அடுப்பு இருக்கும் அறையில் ஜன்னலோரம் ஒரு கணினி. அதற்குள் ஆட்களை நிறுத்துவாள், சட்டை மாட்டுவாள், கையில் வாளோ விளக்கோ கொடுப்பாள், வெயில் எந்தப் பக்கமிருந்து விழ வேண்டும் என்று முடிவு செய்வாள். கடைசியில் அது போட்டோ பிடித்ததுபோல ஒரு படமாக வரும். எங்கோ கடலுக்கு அப்பால் புத்தகம் போடுகிறவர்கள் அட்டைக்கு அதை வாங்கிக்கொள்வார்கள். வீட்டில் மாவும் எண்ணெயும் அதில்தான் வந்தன. மாமனார் ஒருநாள் திரையில் இறக்கை முளைத்த ஒரு பெரிய பல்லியைப் பார்த்தார்.

"இது பால் குடுக்குமா?" என்று கேட்டார். பூருல் இல்லை என்றாள். "அப்ப எதுக்கு இந்த வெதுவெதுப்பான ரூம்ல கட்டி வச்சிருக்க?" என்றார். அன்றிலிருந்து அந்தப் பெட்டியை விற்றுவிட்டு ஒரு பெட்டைக்குதிரை வாங்க வேண்டும் என்பது அவர் ஆசை. கறந்து புளிக்கவைத்தால் குமிஸ், விற்றால் காசு, ஏறினால் மரியாதை என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார்.

அப்படி இருந்தவர் போன கோடையில் பெட்டிக்கு முன்னால் தானே போய் உட்கார்ந்தார். காரணம் ஒரு ஆட்டுத்தலை.

மாமனாரின் அப்பா குதிரைக்காரர். அவருடைய அண்ணன் தாடிக்காரர். தாடிக்காரரின் மகன் கணவாய்க்கு அந்தப் பக்கம் ஜும்காலில் இருக்கிறார், அவரை ஜும்கால் மாமா என்று வைத்துக்கொள்வோம். எங்கள் மாமனாரைவிட வயதில் மூத்தவர். ஒரு கல்யாண விருந்தில் வேகவைத்த ஆட்டுத்தலையை யாரோ அவசரத்தில் எங்கள் மாமனார் முன்னால் வைத்துவிட்டார்கள். மூத்தவர் இருக்க இளையவர் முன்னால் தலை. மாமனாராவது அதை நகர்த்தியிருக்க வேண்டும், அவர் கத்தியை எடுத்து அந்தத் தலையின் காதை அறுத்துவிட்டார். ஜும்கால் மாமா எழுந்து குதிரையேறிப் போனவர்தான். பிறகு இரண்டு வீடும் ஒரே விரிப்பில் உட்கார்ந்து சாப்பிட்டதில்லை. சாவுக்குக்கூட அவர்கள் காலையில் வந்தால் நாங்கள் மாலையில் போவோம்.

மாமனாருக்கு உள்ளுக்குள் அது அரித்துக்கொண்டே இருந்தது. தாடிக்காரர், குதிரைக்காரர் இருவர் நினைவுக்கும் சேர்த்து இலையுதிர் காலத்தில் ஒரே விருந்து வைக்கலாம் என்று ஆள் அனுப்பினார். விருந்துத் திடலில் ஏழு தலைமுறை முன்னோரும் ஒரே கூடாரத்தில் உட்கார்ந்திருப்பதுபோல ஒரு பெரிய பேனர் கட்டலாம் என்பதும் அவர் யோசனைதான். முன்னோருக்கெல்லாம் ஏது போட்டோ? அப்போதுதான் அவருக்கு ஜன்னலோரப் பெட்டி ஞாபகம் வந்தது.

"ஏம்மா, அந்தப் பல்லியத் தூக்கிட்டு நம்ம ஆளுங்கள உக்கார வைக்க முடியுமா?"

"முடியும் மாமா."

"அப்ப உக்கார வை. படத்தப் பாத்து ஜும்கால்காரங்க நம்ம விரிப்புல உக்காந்தா, பெட்டி உன்னோடது. மொகத்தத் திருப்பிட்டுப் போனா, பெட்டியச் சந்தைக்கு ஓட்டிட்டுப் போயிடுவேன்."

பெட்டியை ஓட்டிக்கொண்டு போவதாம். அவர் மனசில் அது ஏற்கனவே குதிரையாகிவிட்டது. பூருல் சரி என்று தலையாட்டினாள். பின்கட்டுக்கு வந்து தண்ணீர்வாளியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "அக்கா, அது போச்சுன்னா நான் இந்த வீட்ல டீ ஊத்துறவ மட்டுந்தான்" என்றாள். நானும் அதுதானே என்று சொல்ல வாயெடுத்தேன், சொல்லவில்லை.

அவள் எந்தக் காட்சியைத் தொடங்கினாலும் முதலில் ஒரு பெண்ணை நிறுத்துவாள். சரியாகத் தன் உயரம். அந்தப் பெண்ணை வைத்துத்தான் கதவு எவ்வளவு, கிண்ணம் எவ்வளவு, குதிரை எவ்வளவு என்று அளப்பாள். தையல்காரருக்கு நாடா மாதிரி அவளுக்கு அது. மற்ற படங்களில் வேலை முடிந்ததும் அவளை அழித்துவிடுவாள். இந்தக் கூடாரத்தில் தேநீர் ஊற்ற ஒருத்தி வேண்டுமே என்று வாசல் பக்கம் சமோவாருக்கு அருகில் விட்டுவைத்தாள். தலையில் முக்காடு, கையில் கெண்டி.

பிறகு ஆண்கள் வந்தார்கள். எல்லோருக்கும் மூத்தவருக்கு மாமனாரின் மூக்கு, ஏனென்றால் பக்கத்தில் உட்கார்ந்து அதையே காட்டிக்கொண்டிருந்தவர் அவர்தான். கடைசியில் ஒரு பக்கம் தாடிக்காரர், மறுபக்கம் குதிரைக்காரர். அவர் மட்டும் கூடாரத்துக்குள்ளேயே குதிரைமேல் இருந்தார், இறக்க மாமனார் சம்மதிக்கவில்லை.

முதல் நாளே ஒரு கூத்து நடந்தது. "எங்கப்பாவக் கொஞ்சம் பெரிசாக்கு" என்றார் மாமனார். பூருல் மவுஸைப் பிடித்து ஒரு கோட்டை இழுத்தாள். குதிரைக்காரர் மட்டும் வளர்ந்தார். தொப்பி வளரவில்லை, உச்சியில் ஒரு பணியாரம்போல ஒட்டிக்கொண்டது. குதிரையும் வளரவில்லை. அவர் கால் இரண்டும் தரையில் இழுபட்டன.

மாமனார் பதறிவிட்டார். "ஏம்மா, எங்கப்பாவ ஆட்டுக்குட்டி மேல ஏத்தி வச்சிருக்க?"

"தனித்தனியா இருக்கு மாமா. தொப்பி, குதிரை, சாட்டை எல்லாத்தையும் அவரோட கட்டணும். கட்டிட்டு அவர இழுத்தா எல்லாமே அதே அளவுக்குச் சேந்து வளரும்."

"அப்ப கட்டு."

கட்டினாள். திரையின் ஓரத்தில் ஒரு பட்டியல் இருந்தது. குதிரைக்காரர் பெயர் மேலே, அவருக்குக் கீழே சற்று உள்ளே தள்ளித் தொப்பி, குதிரை, சாட்டை. மாமனார் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அதையே பார்த்தார். பையன்களுக்கு ஏழு தலைமுறைப் பெயரை மனப்பாடம் செய்யவைக்கிற வேலை அவருடையது.

"இதுல அப்பனுக்குக் கீழ மகனையும் கட்டலாமா?" என்று கேட்டார்.

"கட்டலாம் மாமா. ஆனா..."

ஆனாவுக்கு அப்புறம் என்ன என்று அவர் கேட்கவில்லை. மூத்தவருக்குக் கீழே அவர் மகன், அவனுக்குக் கீழே அவன் மகன், இப்படியே ஒவ்வொருவராக உள்ளே தள்ளி உள்ளே தள்ளி, கடைசியில் அண்ணன் தம்பி இருவரும் ஒரே வரிசையில். ஏழு தலைமுறையும் படிக்கட்டாக இறங்கி நின்றதைப் பார்த்து அவருக்குக் கண் கலங்கிவிட்டது. வேலிக்கு இந்தப் பக்கம் இருந்த என்னையும், ரொட்டிக் கடைக்காரரையும், மீட்டர் பார்க்க வந்தவரையும் கூப்பிட்டுக் காட்டினார். படத்தை யாருக்கும் காட்டவில்லை. பட்டியலைத்தான் காட்டினார்.

பிறகுதான் வினை. படம் போனில் ஜும்காலுக்குப் போனது. ஜும்கால் மாமா தீக்குச்சியை வைத்து அளந்து பார்த்துவிட்டுக் கூப்பிட்டார்.

"எங்கப்பா மூத்தவரு. உங்கப்பாவவிட அரைக் குச்சி கொறையுறாரு."

பூருல் தாடிக்காரரை இழுத்தாள். எங்கள் மாமனார், "இப்ப எங்கப்பா பேரன் மாதிரி இருக்காரே" என்றார். குதிரைக்காரரை இழுத்தாள். மறுபடி போன். மறுபடி தீக்குச்சி. ஒரு வாரத்தில் அண்ணன் தம்பி இருவரும் கூடாரத்தின் மேல்வளையத்தில் தலை இடிக்க உட்கார்ந்திருந்தார்கள். அப்பன், பாட்டன், பூட்டன் எல்லாம் அவர்கள் முழங்காலுக்குக் கீழே. அதை மாமனாரே ஒருநாள் கவனித்துவிட்டார்.

"பெத்தவன் முன்னாடி மகன் இப்படித்தான் உக்காருவானா? அப்பன இழு. அப்பன் பெரிசாகட்டும்."

இழுத்தாள். அப்பன் வளர்ந்தார். அவரோடு கட்டியிருந்த மகன்கள் இருவரும் அதே அளவுக்கு வளர்ந்தார்கள். தாத்தாவை இழுத்தாள். தாத்தா, அப்பன், மகன்கள், குதிரை எல்லோரும் வளர்ந்தார்கள். எல்லோருக்கும் மூத்தவரை இழுத்தபோது குதிரையின் பின்பக்கம் கூடாரத்தைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்தது. எவ்வளவு இழுத்தாலும் அப்பன் மகனை எட்டிப்பிடிக்கவே இல்லை. மாமனாருக்கு மூச்சு வாங்கியது, ஏதோ அவரே ஓடுவதுபோல.

"கட்ட அவுத்துட்டாச் சரியாயிடும் மாமா" என்றாள் பூருல் மெதுவாக.

"அவுக்கிறதா? எந்த ஊர்லடி அப்பங்கிட்ட இருந்து மகன அவுப்பாங்க? சாகுறதுக்கு முன்னாடி நான் அதையும் பாக்கணுமா?"

அவ்வளவுதான். அவிழ்க்கும் பேச்சே அந்த வீட்டில் எழக் கூடாது என்றாகிவிட்டது. சரியான தொல்லை. இதே மனிதர் தன் பெரியப்பா மகனோடு பேசாமல் இருந்த வருடங்களை யாராவது கேட்டிருக்க வேண்டும். எனக்கு நாக்கு துடித்தது, கையில் கெண்டி இருந்ததால் ஊற்றிக்கொண்டே இருந்தேன்.

விருந்துக்கு நாள் நெருங்கியது. மக்சாத் தலைநகர் பிஷ்கெக்குக்கு லோடு எடுத்துக்கொண்டு காலையில் கிளம்புகிறான், படத்தை அவன் கையில் கொடுத்தனுப்பினால்தான் பேனர் அச்சாகும். மாமனார் தோட்டத்துப் பக்கம் போன நேரம் பார்த்து பூருல் என்னைக் கூப்பிட்டாள்.

"அக்கா, வாசல்ல நில்லுங்க. வந்தா இருமுங்க."

எட்டுப் பேரையும் இழுத்த இழுப்பையெல்லாம் ரத்து செய்தாள். எல்லோரும் பழையபடி மனிதர் அளவுக்கு வந்தார்கள். அண்ணனும் தம்பியும் சமம். ஒரு கட்டையும் அவிழ்க்கவில்லை. அதற்குப் பிறகு கூடாரத்தை மூத்தவரோடு கட்டினாள். விரிப்பு, கிண்ணங்கள், ஆட்டுத்தலை, சமோவார், வெளியே தெரிகிற மலை, மலைமேல் இருந்த பனி, எல்லாவற்றையும் கட்டினாள். கட்டிவிட்டு மூத்தவரைப் பத்து மடங்கு இழுத்தாள். பெட்டிக்குள் இருக்கிற கேமராவையும் அதற்கேற்பப் பின்னால் தள்ளிவைத்தாள்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. "ஒண்ணுமே மாறலையேடி" என்றேன்.

"எல்லாம் பத்து மடங்கு அக்கா. எல்லாம் சேந்து வளந்தா யாரு வளந்தான்னு யாருக்குத் தெரியும்?"

நான் இருமினேன். மாமனார் உள்ளே வந்தார். அவர் படத்தைப் பார்க்கவில்லை, ஒவ்வொரு பெயருக்கும் நேராக இருந்த எண்ணைப் பார்த்தார். இவருக்குப் பத்தா? பத்து மாமா. அவருக்கு? அவருக்கும் பத்து. எங்கப்பாவுக்கு? பத்துதான். மலைக்கு? மலைக்கும் பத்து. ஜும்காலுக்குப் போன் போட்டு, "உங்கப்பாவப் பத்து மடங்கு ஆக்கியாச்சுண்ணே" என்றார். அந்தப் பக்கமிருந்து, "அப்படியா, சந்தோஷம்" என்று கேட்டது. தீக்குச்சியை அன்றைக்கு யாரும் எடுக்கவில்லை.

விருந்தன்று திடலில் கூடாரங்கள் நின்றன, அண்டாக்களில் குதிரைக்கறி கொதித்தது. பேனரை வைக்கோல் கொட்டகையின் சுவர் முழுக்கக் கட்டியிருந்தார்கள். உண்மையிலேயே நன்றாக இருந்தது. ஒளி கூடாரத்து மேல்வளையத்தின் வழியாக விழுந்து ஒவ்வொரு முகமாகத் தொட்டுக்கொண்டு போயிற்று. எனக்கு அவளை நினைத்துப் பெருமையாக இருந்தது.

ஜும்கால் மாமா தன் ஆட்களோடு வந்தார். யாரையும் பார்க்காமல் நேராகப் பேனரிடம் போனார். சாட்டைக் கம்பை எடுத்துத் தன் அப்பாவை அளந்தார், பிறகு எங்கள் குதிரைக்காரரை அளந்தார். குதிரையைக் கழித்துவிட்டு மறுபடி அளந்தார். சமம். எங்கள் மாமனாரும் தன் சாட்டையால் அளந்து பார்த்தார். சமம். அளந்து சண்டை போடலாம் என்று வந்தவர்களுக்கு அளவு கைகொடுக்கவில்லை. பூருல் அண்டாவுக்குப் பின்னால் நின்று முக்காட்டின் நுனியைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

அப்போது ஜும்கால் மாமா குனிந்தார். வாசல் பக்கத்து மூலையில் எதையோ உற்றுப் பார்த்தார்.

"இது என்ன? பொம்மையா?"

நாங்கள் எல்லோரும் கிட்டே போனோம். சமோவாரின் கால் பக்கத்தில் ஒரு சின்னப் பெண். தலையில் முக்காடு, கையில் எறும்பு அளவுக் கெண்டி. தரையில் வைத்திருந்த கிண்ணமே அவள் இடுப்பு வரைக்கும் வந்தது. அந்தக் கெண்டியை அந்தப் பெரிய ஆண்களின் பக்கம் நீட்டிக்கொண்டு அவ்வளவு பணிவாக நின்றாள்.

"இது யாரும்மா?" என்று ஜும்கால் மாமா கேட்டார்.

பூருல் முகம் வெளுத்துவிட்டது. "மருமக, மாமா."

"ஏன் இத்தனூண்டு இருக்கா?"

"எல்லாரையும் ஒருத்தரோட ஒருத்தரக் கட்டினேன். இவள யாரோடயும் கட்டல. அதான் எல்லாரும் வளந்தப்ப இவ அப்படியே நின்னுட்டா."

ஜும்கால் மாமா தொண்டையைச் செருமினார். "தம்பி, உங்க வீட்ல இவதான் டீ ஊத்துவாளா? அப்ப நான் சாயங்காலம் வரைக்கும் உக்காந்தாத்தான் ஒரு வாய் கிடைக்கும்."

எங்கள் மாமனார், "எங்க வீட்லயாவது கண்ணுக்குத் தெரியுறாண்ணே, உங்க வீட்ல தேடிப்பாருங்க, கிண்ணத்துக்குள்ள விழுந்திருப்பா" என்றார்.

இரண்டு பேரும் சிரித்தார்கள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். சிரித்தபடியே ஒரே விரிப்பில் போய் உட்கார்ந்தார்கள். மாமனார் ஆட்டுத்தலையைத் தன் கையாலேயே அண்ணன் முன்னால் வைத்தார். போகும்போது ஜும்கால் மாமா தான் பிடித்துவந்த பெட்டைக்குதிரையை எங்கள் கம்பத்திலேயே கட்டிவிட்டுப் போனார். பெட்டியும் பிழைத்தது, குதிரையும் வந்தது. எல்லோருக்கும் சந்தோஷம். எனக்கு மட்டும் ஆத்திரம் அடங்கவில்லை. அண்ணனும் தம்பியும் சேர எங்களைப் பார்த்துத்தான் சிரிக்க வேண்டுமா?

பாத்திரம் கழுவும்போது கேட்டேன். "வேணும்னுதானடி அப்படி விட்ட?"

"இல்லக்கா. சத்தியமா மறந்துட்டேன். மலைய ஞாபகம் வச்சுக் கட்டினேன், ஆட்டுத்தலையக் கட்டினேன், பனியக்கூடக் கட்டினேன். அவ என் உயரம். அவளத்தான் மறந்துட்டேன்."

அவள் அழுதாள். பெட்டி பிழைத்த அன்றைக்கு அவள் அழுவதைப் பார்த்து எனக்கும் அழுகை வந்தது. கழுவிய கிண்ணங்களையே இருவரும் திரும்பக் கழுவினோம்.

சில நாள் கழித்து மாமனார் குமிஸ் கிண்ணத்தோடு ஜன்னலோரம் வந்தார். ஜும்கால்காரர்கள் வீட்டுச் சுவருக்கும் ஒரு படம் கேட்கிறார்களாம். "அந்தப் புள்ளயையும் எதோடயாவது கட்டிடு. பாக்கச் சகிக்கல" என்றார்.

"யாரோட கட்டட்டும் மாமா?"

அவர் யோசித்தார். மூத்தவரோடு கட்டலாமென்றால் அவள் அந்த ரத்தமில்லை. மற்ற யாரோடு கட்டினாலும் அது யார் பெண்டாட்டி என்ற கேள்வி வரும். "சமோவாரோட" என்று ஆரம்பித்தவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்தினார். "உனக்கு எது சரியோ அப்படிக் கட்டு" என்று சொல்லிவிட்டுக் குதிரையைப் பார்க்கப் போனார்.

பூருல் கட்டினாள். மாலையில் அவர் திரும்பி வந்து கண்ணாடியை மாட்டிக்கொண்டு பட்டியலைப் பார்த்தார். உச்சியில் மருமகள். அவளுக்குக் கீழே சற்று உள்ளே தள்ளி எல்லோருக்கும் மூத்தவர், அவருக்குக் கீழே அவர் மகன், இப்படியே இறங்கி அண்ணன் தம்பி, தொப்பி, குதிரை, சாட்டை. படத்தில் அவள் மனுஷி அளவுக்கு வந்திருந்தாள், வாசலில்தான் நின்றாள், கெண்டியும் அப்படியே. மாமனார் ரொம்ப நேரம் பட்டியலைப் படித்தார். உதடு அசைந்தது. நான் தேநீர் எடுத்துக்கொண்டு வந்தவள் நின்றுவிட்டேன்.

"மூத்தவரு கொஞ்சம் சின்னதாத் தெரியுறாரு" என்றார் கடைசியில். "அவர இழு."

"அவரத் தனியா இழுக்க வராது மாமா. இவளுக்குக் கீழ கட்டியிருக்கு. இவ வளந்தாத்தான் அவரு வளருவாரு."

அது பொய். யாருக்குக் கீழே இருந்தாலும் தனியாகவும் இழுக்கலாம், ஒரு கோடை முழுக்க நான் பார்த்துக்கொண்டுதானே இருந்தேன். அந்தக் கோடை முழுக்கப் பார்த்தவர் அவரும்தான். பூருல் திரையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. மாமனார் கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்தார், மறுபடி மாட்டிக்கொண்டார்.

"சரி" என்றார். "அவள இழு."

பூருல் இழுத்தாள். கெண்டி என் கையில் ஆறிக்கொண்டிருந்தது, நான் ஊற்றவில்லை.